மறையூர்ப் பக்கம் 'இயற்கை வெந்நீர் ஊற்று கேரவன் கேம்ப்': அட்வான்ஸ் அனுப்புமுன் இதைப் படியுங்கள்

மூணாறு, மறையூர், காந்தல்லூர் பக்கம் 'இயற்கை வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்திலேயே கேரவனில் தங்கலாம்' என்று வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ விளம்பரம் வந்தால் தயவுசெய்து பணம் அனுப்பிவிடாதீர்கள். நாங்கள் போய்ப் பார்த்த இடத்தில் ஊற்றே இல்லை. ஓடைத் தண்ணீரை விறகு பாய்லரில் சுடவைத்து, கல் பதித்த சிமென்ட் தொட்டியில் நிரப்பி, அதைத்தான் ஊற்று என்று காட்டுகிறார்கள். வயசானவர்களின் மூட்டுவலியை வைத்து நடக்கும் வியாபாரம் இது. பணம் போனது ஒரு பக்கம். அந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கி விளையாடவிடுகிறார்களே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மருந்தும் தைலமும் மாறிமாறி நடக்கிறது. எங்கள் தெருவிலிருந்து காசி, கயை டூர் போய்வந்தவர்கள் பீகாரின் ராஜ்கிரில் வெந்நீர்க் குண்டத்தில் குளித்ததைச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார அவரால் முடியாது. அந்த நேரத்தில்தான் உறவுக்காரர் குரூப்பில் இந்த வீடியோ வந்தது. புல்வெளியில் ஒரு கேரவன், பக்கத்தில் ஆவி பறக்கும் குளம், 'கந்தக ஊற்று, 42 டிகிரி, கேரளாவிலேயே இங்கு மட்டும்' என்று எழுத்து. பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போனால் பாதி நாள் பயணம்தான். அம்மா முகத்தில் அன்று வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

புக் பண்ணுமுன் எழுத்திலேயே கேட்டேன். இது பூமியிலிருந்து தானாக வருகிற தண்ணீரா? 'நூறு சதவீதம் நேச்சுரல் சேச்சி, மூட்டுவலி, சொறி எல்லாம் போகும்' என்று பதில் வந்தது. இரண்டு இரவுக்கு 24,000 ரூபாய், பாதியை முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். கேரளா டூரிஸம் கேரவன் திட்டத்தில் இருக்கிறீர்களா என்றும் கேட்டேன், ஆமாம் என்றார்கள். அந்தத் திட்டம் உண்மையிலேயே இருக்கிறது. 2021-இல் கேரள அரசு அறிவித்தது, அடுத்த வருஷமே வாகமண்ணில் முதல் கேரவன் பார்க் வந்தது. இருக்கிற ஒரு நல்ல திட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் இவர்கள் ஏமாற்றுகிறார்கள்.

உடுமலையில் வந்து நின்ற வண்டி ஒரு பழைய டிராவலர் வேன். சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, ஒரு மூலையில் டாய்லெட் வைத்திருக்கிறார்கள். நம்பர் பிளேட் வெள்ளை. வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு மஞ்சள் பிளேட் இருக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்குத் தருகிற வண்டி என்றால் கறுப்பில் மஞ்சள் எழுத்து. வெள்ளை என்றால் சொந்த உபயோகம். சின்னாறு செக்போஸ்ட் நெருங்கும்போது டிரைவர் திரும்பி, 'யாராச்சும் கேட்டா ஓனருக்குச் சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க' என்றார். எங்கள் வீட்டுக்காரர் அப்போதே முகத்தைச் சுளித்தார். சொந்த உபயோக இன்சூரன்ஸில் வண்டியை வாடகைக்கு ஓட்டி, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்று ஆகிப்போனால், இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மைத் தட்டிக்கழிக்க அந்த ஒரு காரணமே போதும். ஆனை நடமாடுகிற ரோடு வேறு.

வண்டிக்குள் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாய்லெட் டேங்க் முந்தின ஆட்கள் போனபிறகு காலி செய்யப்படவில்லை. பேட்டரி இரவு ஒன்பது மணிக்கே தீர்ந்துபோனது. ஜெனரேட்டரை ஜன்னலுக்கு அடியிலேயே வைத்து ஓட்டினார்கள். புகை உள்ளே வந்ததும் நான் இறங்கிப்போய் நிறுத்தச் சொன்னேன். மூடிய வண்டியில் ஜெனரேட்டர் புகை, கேஸ் அடுப்பு இரண்டுமே ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கேரவனில் தங்குகிற யாரும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

இனி அந்த 'ஊற்று'. கேம்ப்புக்குப் பின்னால் சரிவில், நாலாபுறமும் கருங்கல் பதித்த தொட்டி. ஒரு ஓரத்தில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நாங்கள் போய்ச் சேர்ந்த சாயங்காலம் நல்ல சூடு. கரையில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது, கந்தக வாடை அடித்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் காலை வைத்தார். எங்கள் பையன் மூக்கைக்கூடப் பிடிக்காமல் குதித்தான்.

மறுநாள் விடியற்காலையில் அம்மாவுக்கு மறுபடி கால் நனைக்க வேண்டும் என்று இருந்தது. கையைப் பிடித்து அழைத்துப்போனேன். தொட்டித் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருந்தது. பாறை இடுக்கிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். இடுக்குக்குள் கறுப்பு பிவிசி பைப், வாயில் துணி சுற்றிச் சிமென்ட் பூசியிருந்தது. கரையின் மஞ்சளை விரலால் தேய்த்தேன். மாவு மாதிரி உதிர்ந்தது, அடியில் சுத்தமான சிமென்ட். கடையில் கிடைக்கிற கந்தகத் தூளைத் தூவியிருக்கிறார்கள். பைப் போன வழியே மேலே ஏறினேன். தகரக் கொட்டகைக்குள் விறகு பாய்லர், பக்கத்தில் ஓடையிலிருந்து தண்ணீர் இழுக்கிற மோட்டார். அந்த மோட்டார் ஹோஸ் இறங்குகிற இடத்துக்குச் சற்று மேலேதான் டிரைவர் முந்தின இரவு வண்டியின் கழிவு டேங்கைத் திறந்துவிட்டிருந்தார். ஈரம்கூடக் காயவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. 'சரி, வா போலாம்' என்றார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டபோது முதலில் 'ராத்திரி ஊற்று அடங்கும் சேச்சி, வெயில் ஏறினா வரும்' என்றார். பைப்பைக் காட்டினேன். 'சப்போர்ட்டுக்குக் கொஞ்சம் சூடு பண்றோம்' என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. பேலன்ஸ் பணம் கொடுக்காமல் வண்டி கீழே இறங்காது என்றார்கள். போலீஸுக்குப் போன் போடுகிறேன் என்றதும்தான் உடுமலை வரை கொண்டுவந்து விட்டார்கள். அட்வான்ஸ் இன்றுவரை வரவில்லை.

வரும் வழியில் கரும்பு ஆலை ஒன்றில் வெல்லம் வாங்க நிறுத்தினோம். கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். 'எங்க தாத்தன் காலத்துல இருந்து இங்கதாம்மா இருக்கோம். பாம்பாத்துத் தண்ணியில மார்கழியில கைய வச்சுப் பாரு, விறைச்சுப்போகும். சுடுதண்ணி ஊத்துன்னு யாரு சொன்னா?' என்றார். மறையூரில் சந்தனம் இருக்கிறது, முனியறைகள் என்கிற பழங்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன, புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் இருக்கிறது. பெருமைப்பட இவ்வளவு இருக்கிற ஊரின் பேரில் இப்படி ஒரு பொய்யை விற்கிறார்கள்.

உண்மையான வெந்நீர் ஊற்று எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக வெகு ஆழம் இறங்க வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். அப்படிச் சூடேறிய தண்ணீர், ஆறுவதற்குள் இன்னொரு பெரிய வெடிப்பு வழியாக மேலே வந்துவிட வேண்டும். அடியிலிருந்து வருவதால் ராத்திரி பகல் என்று அதன் சூடு மாறாது. காலையில் பச்சைத் தண்ணீர், மாலையில் வெந்நீர் என்றால் அது ஊற்று இல்லை. இமாசலத்தின் மணிகரணில் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் வருகிறது. துணியில் அரிசியைக் கட்டிப் போட்டு வேகவைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் வஜ்ரேஸ்வரி, ஒடிசாவில் அத்ரி, தப்தபானி, தெலங்கானாவில் மணுகூரு பக்கம் கோதாவரிப் படுகை, இவையெல்லாம் பேர் தெரிந்த இடங்கள். நமக்குக் கிட்டத்தில் என்றால் காசர்கோட்டுக்கு அந்தப் பக்கம், தட்சிண கன்னடத்துப் புத்தூர் அருகே இர்தெயில் பெந்த்ரு தீர்த்தம். அதுவே இளஞ்சூடுதான். இப்படி ஒரு ஊற்று எங்கே இருந்தாலும் அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருக்கும், பெரும்பாலும் கரையில் ஒரு கோயிலும் இருக்கும். கேம்ப் நடத்துகிறவருக்கு மட்டும் தெரிந்த ஊற்று என்று ஒன்று கிடையாது.

இப்போது எனக்குப் பயம் தந்த விஷயம். மூளை தின்னும் அமீபா என்று கேரளத்தில் எல்லோருக்கும் இப்போது தெரியும். 2024 மே முதல் ஜூலைக்குள் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கண்ணூர்ப் பிள்ளை பள்ளிச் சுற்றுலாவுக்கு மூணாறு போனபோது குளத்தில் குளித்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில்தான் நன்றாகப் பெருகும், 46 டிகிரி வரை தாங்கும். குடித்தால் ஒன்றும் ஆகாது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. நோய் அபூர்வம்தான், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. ஓடைத் தண்ணீரை இளஞ்சூட்டில் வைத்து, குளோரின் போடாமல், நாள்கணக்கில் மாற்றாமல், அதில் பிள்ளைகளைக் குதிக்கவிடுவது எவ்வளவு பெரிய பாவம்! 'குளோரின் போட்டா நேச்சுரல் போயிடும்' என்று அந்த மேனேஜர் என்னிடம் வாய்கூசாமல் சொன்னார்.

பையன் மூக்கில் தண்ணீர் ஏறி இருமியது எனக்கு ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கேரளத்தின் திஷா சுகாதார உதவி எண் 1056-க்குப் பேசினேன். தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு ஏதாவது வந்தால் உடனே மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோய் 'தண்ணீரில் குளித்தான்' என்பதை முதலிலேயே சொல்லச் சொன்னார்கள். அதே 2024-இல் கோழிக்கோட்டுப் பக்கத்துப் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பிழைத்ததற்குச் சீக்கிரம் கண்டுபிடித்ததுதான் காரணம். இரண்டு வாரம் நான் ராத்திரி எழுந்து எழுந்து பையன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவன் நன்றாக இருக்கிறான்.

கேரவனில் போக நினைப்பவர்கள் வண்டி நம்பரை முன்கூட்டியே வாங்கி அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். என்ன வகை வண்டி, ஃபிட்னெஸ், இன்சூரன்ஸ் எது வரை என்று எல்லாம் தெரியும். நம்பர் தர மாட்டேன் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். கழிவு டேங்கை எங்கே காலி செய்வீர்கள், கரன்ட் எங்கிருந்து என்று கேளுங்கள். முறையான பார்க்கில் இதற்கெல்லாம் வசதி செய்து வைத்திருப்பார்கள். குளத்தின் வீடியோவை விடியற்காலையில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முட்டிவலிக்காரர்களை எந்த வெந்நீரில் இறக்கினாலும், பிரஷர், இருதய நோய் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிஜமான ஊற்றாக இருந்தாலும் தலையை முக்க வேண்டாம்.

புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரை இங்கே போடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பதிவு செய்தோம், இ-ஜாக்ரிதி தளத்தில் நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மறையூர் இருக்கிற இடுக்கி மாவட்டத்துக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. தண்ணீர் விஷயத்தைப் பஞ்சாயத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் தனியாக எழுதிக் கொடுத்தோம். நீங்களும் இதே மாதிரி தொட்டியில் ஏமாந்திருந்தால் வாட்ஸ்அப் சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். ஜிபே ரசீது, விளம்பர வீடியோ, வண்டி நம்பர் தெரிகிற போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கீழே சொல்லுங்கள், எங்கள் மனுவை மாதிரிக்குத் தருகிறேன்.