முச்சந்தித் தெய்வத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு

ரைடர் வெயிட் டாரட் என்ற படச் சீட்டுக்கட்டைப் பற்றி வரும் விமர்சனங்கள் எல்லாம் குறி சொல்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. கல்யாணம் எப்போது, வேலை எப்போது என்று கேட்க எனக்கு அது தேவையில்லை. சாமியறையில் ஹெக்கேட்டியின் முன்னால் வைக்கவே வாங்கினேன். கிரேக்கத்துத் தெய்வம், முச்சந்தி, தீப்பந்தம், திறவுகோல், நாய், நிலவில்லாத இரவு எல்லாம் அவளுக்கு உரியவை. திருகோணமலையில் இருந்துகொண்டு இது என்ன பக்தி என்று கேட்பவர்களுக்கு: பத்திரகாளி அம்பாள் கோயிலுக்கும் வழக்கம்போலப் போகிறேன். இரண்டு பேரும் சண்டை பிடிக்கவில்லை.

மொத்தம் 78 அட்டைகள். 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டின் மறுபதிப்பு. பெயரில் பதிப்பாளர் ரைடரும் திட்டமிட்ட வெயிட்டும் இருக்கிறார்கள். படம் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித் இல்லை. அவருடைய சிறிய கையெழுத்து முத்திரையை அட்டைகளின் மூலையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஹெக்கேட்டியின் பெயர் ஓர் அட்டையிலும் கிடையாது. ஆனால் 18ஆம் அட்டையான நிலாவை எடுத்துப் பாருங்கள். ஒரு நாயும் ஓர் ஓநாயும் வானத்தைப் பார்த்து ஊளையிடுகின்றன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே பாதை போகிறது. குளத்திலிருந்து ஏதோ ஒன்று ஊர்ந்து ஏறுகிறது. நன்னீர் இறால் என்பார்கள். கடலுக்குப் போகும் என் அண்ணன் பார்த்துவிட்டு, சிங்க இறால்தான், சந்தேகமே இல்லை என்றார். ஹெக்கேட்டியையும் கடல் தெய்வம் பொசைடனையும் வேண்டும் மீனவருக்கு அவள் பெரிய மீன்பாட்டை எளிதாகத் தருவாள், மனம் வைத்தால் கண்ணுக்குத் தெரிந்ததையும் எளிதாகப் பறித்துக்கொள்வாள் என்று பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடியிருப்பதை அவருக்குச் சொன்னேன். “அப்படியென்றால் கடல் தெரிந்தவள்தான்” என்று ஒப்புக்கொண்டார்.

9ஆம் அட்டையின் துறவி விளக்கேந்தி நிற்கிறார். மகளைத் தேடி அலைந்த பயிர்த் தெய்வம் டெமீட்டரிடம் பந்தத்தோடு வந்தவள் ஹெக்கேட்டி என்பதால் அந்த அட்டையையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன். தேடப்பட்ட மகள் பெர்செபோனிக்கு உரிய மாதுளம்பழங்கள் 2ஆம் அட்டையில், பெண் பூசகியின் பின்னால் தொங்கும் திரையில் இருக்கின்றன. திறவுகோல்கள்தான் இடம் மாறிவிட்டன: 5ஆம் அட்டையில் தலைமைக் குருவின் காலடியில் கிடக்கின்றன. அதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

தோழியிடம் கிரேக்கக் கடவுளரையே வரைந்த வேறு கட்டு ஒன்று இருக்கிறது. அழகானதுதான். ஆனால் இது இன்னாருடைய அட்டை என்று அவர்களே அச்சடித்துத் தந்துவிட்டால் கும்பிடுகிறவளுக்கு என்ன வேலை?

“கடதாசி விளையாடுகிற சாமான் சாமியறையில் எதற்கு?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. டாரட் 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் விளையாட்டாகத்தான் தொடங்கியது. அதில் குறி பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவியது. பழைய கிரேக்கர் இதைக் கண்டதே இல்லை. அவர்கள் தாயக்கட்டை போல ஆட்டின் கணுக்கால் எலும்பை உருட்டிக் கேட்டார்கள். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதும் திருவுளச்சீட்டு எடுப்பதும் அம்மாவுக்குப் பழக்கம் என்பதால் வாக்குவாதம் நீளவில்லை. மாத முடிவில் ஏதென்ஸ்காரர்கள் ஹெக்கேட்டிக்கு முச்சந்தியில் சோறு வைத்தார்கள். வைத்த உடனேயே ஏழைகள் எடுத்துத் தின்றுவிடுகிறார்கள் என்று அக்காலத்து நாடகக்காரர் ஒருவர் கேலி செய்தார். நான் அமாவாசையன்று தெருநாய்களுக்குச் சோறு வைத்துவிட்டு வந்து ஓர் அட்டை எடுக்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். கூட வரும் கையேடு பக்திக்கு உதவாது; அட்டைக்குச் சில வரிகள், அவ்வளவுதான். அட்டை பெரியது, என் கைக்கு அடங்காது, கலைக்கும்போது சிதறுகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை உப்புக்காற்று. கச்சான் வீசும் மாதங்களில் பிரச்சினை இல்லை. மாரி தொடங்கினால் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓரம் நெளிகின்றன. பிஸ்கட் தகரத்தில், துணியில் முடிந்த பச்சரிசியோடு வைத்த பிறகு பரவாயில்லை. எங்கள் டச்சுக்குடாப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தடித்த, மேற்பூச்சு நன்றாக உள்ள பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள். கொழும்பிலிருந்து வரவழைத்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

தூதுத் தெய்வம் ஹெர்மெசைக் கும்பிடுகிறவர்கள் கிண்ணங்கள் இரண்டு என்ற அட்டையைப் பாருங்கள். பாம்புகள் சுற்றிய அவருடைய கோல் அங்கே நடுவில் நிற்கிறது. ஒளித் தெய்வம் அப்பொல்லோவுக்குச் சூரியன் அட்டை இருக்கிறது. பொசைடனுக்கு எதைக் கொடுப்பது என்று அண்ணனும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.