காந்தம் எடுக்கும் மெஷின் என்று சொல்லி 1,850 ரூபாய்க்குக் காந்தத்தையே விற்றுவிட்டான்

நேற்று ராத்திரியிலிருந்து கோபம் அடங்கவில்லை. வீட்டிலேயே கடிகாரத்தில் ஏறிய காந்தத்தை எடுக்கலாம் என்று ஆன்லைனில் மெஷின் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய ஹெச்.எம்.டி ஜனதா கைக்கடிகாரம். தண்டையார்பேட்டை வீட்டில் தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுப்பது நான்தான். போன மாதம் திடீரென்று நாளுக்கு ஆறேழு நிமிடம் முந்த ஆரம்பித்தது. பையன் ஸ்கூலுக்கு வாங்கிய திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தால் முள் சுழன்றுவிட்டது. ராத்திரியில் கடிகாரத்தை ஸ்பீக்கர் மேலே வைத்திருக்கிறேன், அதுதான் காரணம். உள்ளே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஹேர்ஸ்பிரிங் என்ற சுருள் கம்பி முடி மாதிரி மெல்லியது, காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருள் நீளம் குறைந்த மாதிரி ஆகி கடிகாரம் வேகமாக ஓடும்.

சமூக ஊடகத்தில் டூல்ஸ் விற்கும் ஒரு பக்கத்தைப் பார்த்து மெசேஜ் போட்டேன். வீடியோ காலில் வந்தான். நீலப் பெட்டி, சிவப்பு பட்டன், வயர், பிளக் எல்லாம் காட்டினான். என்ன கடிகாரம் என்று கேட்டவன், "எங்கப்பாவும் ஜனதாதான்ணே கட்டியிருந்தார், பத்திரமா வெச்சுக்கோங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அடுத்த நிமிடமே யூபிஐயில் 1,850 ரூபாய்.

நாலு நாள் கழித்து வந்தது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கட்டி. ரெண்டு ஓட்டை, வயரே இல்லை. கேட்டால், "புது மாடல்ணே, கரண்ட் தேவையில்லை, மேலே வெச்சு எடுங்க" என்றான். வைத்து எடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கடிகாரம் இருபது நிமிடத்துக்கு மேல் முந்தி நிற்கிறது! பக்கத்தில் வைத்திருந்த ட்வீசரிலும் காந்தம் ஏறி, பொடி ஸ்க்ரூ எல்லாம் அதிலேயே தொங்குகிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. கூரியரில் மாறியிருக்கும், பார்சல் பிரித்த வீடியோ இருக்கா, ஓனர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை பேசுறேன். மூன்றாவது திங்கட்கிழமை நான் கூப்பிட்டபோது, "நீங்க சாவி கொடுக்கத் தெரியாம கெடுத்திருப்பீங்க" என்றான். இருபது வருஷமாகச் சாவி கொடுக்கிற என்னைப் பார்த்து! நேற்று ராத்திரி அவன் புரொஃபைல் படமும் காணோம், கால் போனாலும் எடுப்பதில்லை. 1,850 ரூபாய் போயே போச்சு.

இன்று காலையில் மண்ணடியில் ஒரு வயதான ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். அந்தக் கட்டியைப் பார்த்ததுமே சொன்னார், இது நிலையான காந்தம், திருப்புளிக்குக் காந்தம் ஏற்றவும் இறக்கவும் விற்பது, கடிகாரத்தை இதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது என்று. அவரிடம் நிஜ மெஷின் இருந்தது, உள்ளே செம்புக் கம்பிச் சுருள், வீட்டுக் கரண்டில் ஓடுவது. பட்டனை அழுத்தினார், கடிகாரத்தை மெதுவாகக் கை நீளத்துக்கு விலக்கினார், அதற்கப்புறம்தான் பட்டனை விட்டார். அருகில் இருக்கும்போதே விட்டால் காந்தம் உள்ளேயே நின்றுவிடுமாம். ட்வீசரிலிருந்தும் அப்படியே காந்தத்தை எடுத்துக்கொடுத்தார். வாங்கியது 50 ரூபாய். ஐம்பது ரூபாய் வேலைக்கு 1,850 கொடுத்திருக்கிறேன்.

எப்படி வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. வயரும் பிளக்கும் இல்லாததைக் கடிகாரத்துக்கு வாங்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். முன்பணம் கேட்டால் பொருள் கைக்கு வந்தபின் கொடுக்கும் முறைக்கு ஒப்புக்கொள்கிறானா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் அடியுங்கள். நான் மூன்று வாரம் அவன் திங்கட்கிழமைகளை நம்பிக் காத்திருந்துவிட்டு, இன்று மதியம்தான் அடித்தேன்.