காந்தத் துடிப்பா, மெல்லிய மின்சாரமா?

மனச்சோர்வும் ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிலைக்காமல் சிதறும் கோளாறு) சேர்ந்தே வாட்டும் பெரியவர்களுக்கு, தலைக்கு வெளியிலிருந்து மூளையைத் தூண்டும் இரு சிகிச்சைகளில், காந்தத் துடிப்பா மெல்லிய மின்சாரமா, எது உதவும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உறவினர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் மருத்துவர் அல்லன். ஆனால் என் தங்கைக்காக இரண்டையும் தேடிப் படித்திருக்கிறேன்.

அலைச்சல்
காந்தத் துடிப்பு (டி.எம்.எஸ்.): வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து தினமும் போய்வருவதும், நேரத்தை மறக்கும் ஏ.டி.எச்.டி. மனத்துக்கு அது பெரும் சுமை என்பதும் யாரும் எண்ணிப் பார்க்காதவை.
மின்சாரம் (டி.டி.சி.எஸ்.): மருத்துவர் கண்காணிப்பில் வீட்டிலேயே, சுமார் அரை மணி நேரம்.

ஆதாரம்
காந்தம்: மனச்சோர்வுக்கு வலுவானது, அமெரிக்கா 2008இல் அனுமதித்தது. ஏ.டி.எச்.டி.க்கு அப்படி இல்லை.
மின்சாரம்: பிரேசிலில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் பெரியவர்களின் கவனச்சிதறல் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் நேர்மின்முனையை (மின்சாரம் செலுத்தும் பிளஸ் முனை) வைத்தது நெற்றியின் வலப்பக்கம். மனச்சோர்வுக்கு வழக்கமாக இடப்பக்கம். ஒரே கருவி இரண்டையும் தீர்க்கும் என்று விற்பவரை நம்பாதீர்கள்.

ஆபத்து
காந்தம்: அரிதாக வலிப்பு வரலாம். தலைக்குள் உலோகம் இருந்தால் கூடாது. உண்ணும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.
மின்சாரம்: தோல் சிவத்தல், அரிப்பு, மின்முனையைக் கவனக்குறைவாக வைத்தால் புண்.

செலவை முதலிலேயே மெடிக்கல் எய்டிடம் (மருத்துவக் காப்பீடு) எழுத்தில் கேளுங்கள்.

மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வே முதன்மை என்றால் காந்தம். சோர்வு லேசாகி, கவனமே சிதறுகிறது என்றால், மருந்தை விடாமல், மருத்துவரோடு பேசி மின்சாரத்தை யோசிக்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டுக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.