கனடாவில் கஞ்சா பண்ணை வேலை என்று 2,80,000 ரூபாய் போன கதை

மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் யாராவது “கனடாவில் கஞ்சா பண்ணை வேலை, எல்லாம் சட்டப்படி” என்று பணம் கேட்டால், கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டேன். வெளியே சொல்ல எட்டு மாதம் ஆனது. எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்த வெட்கம்.

நான் ரப்பர் வெட்டுகிறவன். மழை பிடித்துக்கொண்டால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. ஏஜென்ட் என் கையைப் பிடித்துப் பார்த்து, “பால் வெட்டுற கை அண்ணே இது, பூவைக் கத்தரிக்கிறது உங்களுக்கு ஒரு வேலையா?” என்றார். கண்ணாடிக்குடில், வரிசையாக விளக்கு, வெள்ளைக் கோட்டில் ஆட்கள் என்று போனில் படம் காட்டினார்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் பெரியவர்கள் கஞ்சா வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டப்படி சரி. நானே தேடிப் பார்த்தேன், அதோடு நம்பிவிட்டேன். அங்கே ஒரு பெரிய கம்பெனி 2020 மார்ச்சில் இரண்டு பண்ணைகளை மூடிச் சுமார் 500 பேரை வீட்டுக்கு அனுப்பியதை அவர் சொல்லவில்லை. நானும் அதைத் தேடவில்லை.

“வீட்டுல பேரைச் சொல்லாதீங்க, கஞ்சான்னு காதுல விழுந்தாலே போலீஸ் வந்திடும்” என்றார். அங்கேதான் மாட்டினேன். அம்மையிடம் பூச்செடி நர்சரி வேலை என்றேன். மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்தேன். பண்ணை பேரில் வந்த வேலைக் கடிதத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

மே மாதம் விசா வரும் என்றார்கள், அப்புறம் ஜூலை. ஆகஸ்டில் புதுப் பேச்சு: “அதுவரைக்கும் தாய்லாந்து போங்க, அங்கயும் இது சட்டப்படிதான். வரும்போது ஒரு பெட்டி தருவாங்க, கொண்டு வந்தா டிக்கெட் காசு கழிஞ்சிடும்.” எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. தாய்லாந்து 2022 ஜூனில் திறந்துவிட்டதை 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று இறுக்கிவிட்டது. அது எப்படியோ போகட்டும், திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டால் நம் நாட்டுச் சட்டம்தான். 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டப்படி 20 கிலோவுக்கு மேல் கஞ்சாவோடு பிடிபட்டால் குறைந்தது பத்து வருடம் உள்ளே. ஒரு கிலோவுக்குக் கீழே என்றாலும் குற்றம் குற்றம்தான். “வரமாட்டேன், பணத்தைக் கொடுங்க” என்றேன். அடுத்த நாளிலிருந்து போன் எடுக்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் கடிதத்தை மச்சானிடம் காட்டினேன். சவுதியில் பன்னிரண்டு வருடம் இருந்தவன், கண்ட காகிதங்களையெல்லாம் பார்த்தவன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “டொரான்டோ, பிரிட்டிஷ் கொலம்பியா” என்று இருந்தது. டொரான்டோ ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே நம் பின்கோடு மாதிரி ஆறு எண்கள். கனடாவில் ஒரு எழுத்து, ஒரு எண் என்று மாறி மாறித்தான் தபால் குறியீடு வரும். “இதை எட்டு மாசமா தலையணைக்குக் கீழ வச்சிருந்தியா மாப்பிள?” என்றான்.

பிறகு அவன் சொல்லித் தெரிந்துகொண்டது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன் ஜிஎஸ்டியும் மட்டும். கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்கும் எல்.எம்.ஐ.ஏ. அனுமதிக்கு 1,000 கனடா டாலர், அதையும் முதலாளிதான் கட்டவேண்டும். என்னிடம் அதற்கென்றே தனியாக 90,000 வாங்கினார்கள்.

நாகர்கோவிலில் எஸ்.பி. ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணை நடப்பதால் பெயர் போடவில்லை. மனு எழுதும்போது, “என்ன வேலைன்னு சொன்னாங்க?” என்று எழுதுகிறவர் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, “உங்களுக்கு முன்ன இன்னொருத்தரும் இதையேதான் சொன்னாரு” என்றார்.

போன வாரம் சித்தப்பா மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அதே கண்ணாடிக்குடில் படம், இந்தத் தடவை ஜெர்மனி. அங்கே 2024 ஏப்ரலில் வந்த சட்டம் வீட்டில் மூன்று செடி, லாபம் இல்லாத சங்கம் என்பதோடு சரி, கடையில் விற்க அனுமதி கிடையாது. விலாசத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஜெர்மனியில் தபால் குறியீடு ஐந்து எண். இதிலும் ஆறு போட்டிருக்கிறார்கள்.