டிக்கெட் பிஸ்னஸ் கிளாஸ்தான், ஆனால் எந்த விமானம்?

இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து லண்டனுக்கு அம்மாவைச் சில வருடங்களாகக் கூட்டிப் போய் வருகிறேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எகானமியில் அவரால் உட்கார முடியாது. அங்கே இருக்கும் அண்ணன்தான் பிஸ்னஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்துத் தருகிறார். சாப்பாடு, லவுஞ்ச், கவனிப்பு எதிலும் எனக்குப் பெரிய குறை இல்லை. கோபம் வருவதெல்லாம் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும்போதுதான்.

பிஸ்னஸ் கிளாஸ் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே சீட் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014இல் கொண்டுவந்த ஏர்பஸ் ஏ330-300இல் வரிசை 1-2-1, அதாவது இரு ஜன்னலோரமும் ஒவ்வொரு சீட், நடைபாதைகளுக்கு நடுவில் இரண்டு. எல்லா சீட்டிலிருந்தும் நேராக நடைபாதைக்கு இறங்கலாம். அதன் பழைய ஏ330-200களில் 2-2-2. எமிரேட்ஸின் ஏ380இல் 1-2-1, பழைய போயிங் 777களில் 2-3-2. அதாவது நடு சீட்டும் உண்டு. கட்டார் ஏர்வேஸ் 2017இல் அறிமுகப்படுத்திய கதவு வைத்த க்யூசூட் என்ற பிஸ்னஸ் சீட்டும் எல்லா விமானத்திலும் கிடையாது. டிக்கெட் விதிமுறையைப் படித்தால் நாம் வாங்குவது வகுப்பைத்தான், குறிப்பிட்ட சீட்டுக்கோ விமான வகைக்கோ உத்தரவாதம் இருக்காது.

ஒருமுறை லண்டனிலிருந்து திரும்பும்போது, இடையில் மாறி ஏறிய விமானத்தை மாற்றிவிட்டார்கள். 1-2-1 என்று பார்த்து எடுத்த சீட் போய், அம்மாவுக்கு 2-2-2இல் ஜன்னலோரம் விழுந்தது. எனக்கு இரண்டு வரிசை பின்னால். பக்கத்தில் இருந்தவர் சீட்டைக் கட்டிலாக விரித்துத் தூங்கிவிட்டார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவர் கால்களைத் தாண்ட வேண்டும். அம்மா சேலையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பார்க்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இந்த வயதில் அப்படி அடக்கிக்கொண்டு இருக்க வேண்டுமா? பணிப்பெண் பாவம், ஆள் மாற்றிக் கொடுக்க முயன்றார். கேபின் நிறைந்திருந்தது.

மாற்றுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. எஞ்ஜினில் கோளாறு வந்தால் கையில் இருக்கும் விமானத்தைத்தான் அனுப்ப முடியும். போயிங் 787இன் ட்ரென்ட் 1000 எஞ்ஜின் பிரச்சினையால் பல நிறுவனங்கள் விமானங்களை நிறுத்திவைக்க வேண்டி வந்ததும் நடந்ததுதான். அதெல்லாம் சரி, புரிகிறது. ஆனால் நஷ்டம் முழுவதும் பயணியின் தலையில் விழுவது நியாயமில்லை. பிஸ்னஸிலிருந்து எகானமிக்கு இறக்கினால் ஐரோப்பிய விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பொதுவாக பயணத்தின் அந்தப் பகுதிக்கான கட்டணத்தில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானங்களுக்கும் அதே மாதிரி விதி உண்டு. அதே வகுப்புக்குள் நல்ல சீட்டிலிருந்து மோசமான சீட்டுக்குத் தள்ளினால் அந்த விதியில் ஒன்றும் கிடையாது.

அதற்கப்புறம் சீட் எடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். எல்லோரும் ஜன்னலோரம் தேடுவார்கள். நான் நடுவில் இருக்கும் ஜோடியை எடுக்கிறேன். 1-2-1இல் அந்த இரண்டுக்கும் நடைபாதை உண்டு. 2-2-2ஆக மாறினாலும் நடு ஜோடிக்கு ஆளுக்கொரு நடைபாதை கிடைக்கும். 2-3-2 வந்தாலும் நடுவில் உள்ள மூன்றில் ஓரத்து சீட் ஒன்றை அம்மாவுக்கு வைத்துக்கொள்ளலாம். சீட் எண் மாறினால் இது எதுவும் நிற்காது, அதனால் கண் வைத்திருக்கத்தான் வேண்டும்.

புறப்படும் வாரத்தில் தினமும் சீட் வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன். 1-2-1இல் பெரும்பாலும் வரிசைக்கு ஏ, டி, ஜி, கே என்று நான்கு எழுத்துதான் இருக்கும். ஆறு எழுத்து தெரிந்தால் விமானம் மாறிவிட்டது என்று அர்த்தம். டிக்கெட்டில் விமான வகை 333 (ஏ330-300) என்று இருந்தது 332 (ஏ330-200) ஆனாலும் அப்படித்தான். உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டு, வயதானவர், நடக்கச் சிரமம், நடைபாதை சீட் வேண்டும் என்று பதியச் சொல்வேன். முந்திக் கேட்டவருக்குத்தான் மிச்சமிருக்கும் நல்ல சீட் கிடைக்கும்.

மலையகத்திலிருந்து போகிறவர்கள் இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எங்களுக்கு நாலைந்து மணி நேர ஓட்டம். கினிகத்தேனை வளைவுகளில் வேன் இறங்கும்போது போனைப் பார்த்து சீட் தேடுவது நடக்கிற காரியமில்லை, கவுண்டருக்குப் போய்ச் சேரும்போது நல்ல சீட்டெல்லாம் போயிருக்கும்.