அடித்தளப் பொறியியல் சங்கங்களில் பத்தாண்டு உறுப்பினராக இருந்த அனுபவம்

தாமிரபரணிக் கரை வண்டலிலும் மானூர்ப் பக்கத்துக் கரிசலிலும் திசையன்விளைத் தேரி மணலிலும் பைல் அடித்தளம், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் காங்கிரீட் தூண்கள், போடும் சிறிய ஒப்பந்தக்காரன் நான். சில மணி நேரப் பயணத்துக்குள் மண் மூன்று விதமாக மாறிவிடும் இந்த வட்டாரத்தில், ஓரிடத்தில் கற்ற பாடம் அடுத்த இடத்தில் கை கொடுக்காது. 1948 முதல் இயங்கிவரும் இந்தியப் புவித்தொழில்நுட்பச் சங்கத்தில் 2014-இல் உறுப்பினரானேன். ஆர்வத்தால் அல்ல, அடிபட்டதால் சேர்ந்தேன்.

சேரன்மகாதேவி அருகே ஒரு கால்வாய்ப் பாலத்துக்கு 600 மி.மீ. விட்டத்தில் துளையிட்டு, பென்டோனைட் என்ற களிமண் கரைசலால் துளைச் சுவரைத் தாங்கி, துளையின் அடி வரை போகும் ட்ரெமி குழாய் வழியாகக் காங்கிரீட் இறக்கிக்கொண்டிருந்தோம். முதல் லாரியின் ஸ்லம்ப், அதாவது காங்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் அளவு, 170 மி.மீ. இருந்தது, பைல்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 கேட்பது 150 முதல் 180 வரை என்பதால் நிம்மதியாக இருந்தேன். சித்திரை வெயிலில் இரண்டாம் லாரி ஒன்றரை மணி நேரம் பிந்தியது. அதற்குள் குழாய் அசைய மறுத்தது. ஆபரேட்டர் இழுத்த இழுப்பில் அதன் நுனி காங்கிரீட்டை விட்டு வெளியே வந்து, கரைசல் உள்ளே புகுந்துவிட்டது. பின்னர் பைலின் தலையில் சுத்தியலால் தட்டி, அதிர்வலை திரும்புவதைப் பதிந்து எடுத்த வரைபடத்தில், ஆறு மீட்டர் ஆழத்தில் பழுது தெரிந்தது. அந்த பைலைக் கைவிட்டு, மாற்று பைல்களை என் செலவிலேயே போட்டுக் கொடுத்தேன்.

“அண்ணாச்சி, நான் வேகமா இழுக்கல, உள்ள காங்கிரீட்டே கட்டிப் போச்சு” என்றார் ஆபரேட்டர். நான் நம்பவில்லை.

அவர் சொன்னதே சரி என்பது, நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிச் சென்னைக்குப் போய் உட்கார்ந்த ஒரு கூட்டத்தின் தேநீர் இடைவேளையில்தான் எனக்கு விளங்கியது. டெண்டரில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் நான்கு பேர், தத்தம் தோல்விகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்கும் ஏறக்குறைய என் கதைதான். இதே சிக்கலை ஐரோப்பிய அடித்தள ஒப்பந்தக்காரர் கூட்டமைப்பும், அமெரிக்காவில் 1976-இல் தோன்றிய ஆழ அடித்தள நிறுவனமும் கூட்டாக ஆராய்ந்து, 2016-இல் ட்ரெமி காங்கிரீட் வழிகாட்டியையும் 2018-இல் அதன் இரண்டாம் பதிப்பையும் இலவசமாகவே வெளியிட்டன. லாரி வந்திறங்கும்போது உள்ள ஸ்லம்ப் பாதிக் கதைதான்; கடைசி லாரி இறங்கும் வரை முதல் காங்கிரீட் இளக்கமாக இருக்க வேண்டும் என்பதே அதில் எனக்குப் பயன்பட்ட செய்தி. தனி நிறுவனம் ஒன்று கண்டுபிடித்திருந்தால், அதைத் தொழில் ரகசியம் என்று பூட்டியல்லவா வைத்திருக்கும்?

அன்று முதல் வேலைக்கு முன்பே மாதிரிக் கலவை போட்டுச் சோதித்து, காங்கிரீட் இறுகுவதைத் தாமதிக்கும் சேர்மானத்தின் அளவை முடிவு செய்கிறோம். முதல் லாரியிலிருந்து எடுத்த காங்கிரீட்டை ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்து, கடைசி லாரி இறங்கும்போது மறுபடி ஸ்லம்ப் பார்க்கிறோம்.

இன்னொரு பயன், பேசும் அளவுகோல் ஒன்றானது. இந்தியத் தரநிலைப் பணியகத்தின் மண், அடித்தளக் குழுவில் சங்கத்தின் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். ஐ.எஸ். 2911-இல் காங்கிரீட் பைல்களுக்கான முதல் பாகம் 2010-லும் சுமைச் சோதனைப் பகுதி 2013-லும் திருத்தப்பட்டன. அதனால் கட்டடத்தைத் தாங்கப்போகும் பைலின் மீது, அது தாங்க வேண்டிய சுமையைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பதா என்று உரிமையாளரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. பொன்னாடைக்குப் போகும் நேரம் கேள்விகளுக்குக் கிடைப்பதில்லை. மெட்ரோவையும் துறைமுகத்தையும் பற்றிய பேச்சே மிகுதி. கரிசலில் வீடு கட்டுபவருக்குத் தேவைப்படும் அடிப்பகுதி குமிழாக விரிந்த பைலைப் பற்றி நான் கேட்டது ஒரே ஓர் உரை. தண்டைப் போல் இரண்டரை மடங்கு விட்டமுள்ள அந்தக் குமிழைச் சுத்தமாக வெட்டுவதில்தான் எங்கள் ஊரில் பாதிப் பைல்கள் கோட்டை விடுகின்றன என்பது என் கணிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, உரைகள் ஆங்கிலத்தில் நடப்பதால், குழாயைக் கையில் பிடிக்கும் ஆபரேட்டர் அந்த அரங்குக்குள் வருவதே இல்லை.

ஆகவே சங்கத்தில் கற்றதை நானே பாளையங்கோட்டையில் என் யார்டில் தமிழில் சொல்லத் தொடங்கினேன். கரைசலின் பிசுபிசுப்பை அளக்கும் மார்ஷ் புனலில் 946 மி.லி. வடிய, தண்ணீருக்கு 26 விநாடி ஆகும். நல்ல கரைசலுக்கு 30 முதல் 60 விநாடி ஆக வேண்டும். சேரன்மகாதேவியில் நான் நம்ப மறுத்த அதே ஆபரேட்டர், இப்போது தினமும் காலையில் முதலில் தண்ணீரை ஊற்றிப் புனலின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கரைசலைத் தொடுகிறார்.