கூட்டெருத் தேநீர் வாளி: காற்றுக்கல்லா, பைப்பா, கையால் பிழிவதா?

கூட்டெருத் தேநீர் என்பது கூட்டெருவைத் தண்ணீரில் ஊறவைத்து, அதன் நுண்ணுயிர்களோடு எடுக்கும் திரவப் பசளை. வன்னியில் வீட்டுத்தோட்டம் செய்பவர்கள் அதற்கு மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்கள். மீன்தொட்டிப் பம்பில் காற்றுக்கல்லை (காற்றைச் சிறு குமிழிகளாக்கும் நுண்துளைக் கல்) மாட்டுவது, பி.வி.சி. பைப்பால் தண்ணீரைச் சுழலவைப்பது, பம்பே இல்லாமல் கையால் பிழிந்தெடுப்பது. எனக்குப் பிடித்தது பைப். ஆனால் கரண்ட் நம்ப முடியாத வீட்டில் கையால் பிழிவதுதான் நல்லது என்பேன்.

ஏன் என்றால், இங்கே பிரச்சினை வெக்கை. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்து நிற்கும்; 30 பாகையில் 7.5 அளவுதான். நுண்ணுயிர்களோ சூட்டில் இன்னும் வேகமாகப் பெருகி, இருப்பதையும் குடித்துத் தீர்க்கின்றன. சிலமணி நேரம் காற்று நின்றாலே வாளி நாறத் தொடங்கிவிடும். நாறியதைப் பயிருக்கு விடவேண்டாம், ஒரு மூலையில் ஊற்றிவிடுங்கள்.

காற்றுக்கல் மலிவு, பொருத்துவதும் சுலபம். 20 லீற்றர் வாளிக்கு இரண்டு வாய் உள்ள பம்பு வேண்டும். குறை என்னவென்றால், கல்லின் நுண்துளைகளில் வழுவழுப்பான படலம் ஒட்டிவிடும், அதைச் சுத்தமாகக் கழுவ முடியாது. நம் கிணறுகளில் பல உவர், சுண்ணாம்புத் தண்ணீர். அந்தப் படிவும் சேர்ந்தால் கல் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

பைப் முறையில் கல்லே இல்லை. முக்கால் அங்குல பைப்பை வாளியின் அடிக்குச் சற்று மேலே வரை இறக்கி, அதன் கீழ்ப்பக்கத்தில் துளையிட்டுக் காற்று ரியூப்பைச் செருகுங்கள். குமிழிகள் பைப்புக்குள் ஏறும்போது அடித்தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வந்து மேலே முழங்கை வழியாகக் கொட்டும். அடியில் வண்டல் தங்காது. வாளி நிறையத் தண்ணீர் இருக்கட்டும். பைப்பின் வாய் நீர்மட்டத்துக்கு ஓரிரு அங்குலத்துக்கு மேல் போனால் சிறிய பம்பால் தூக்க முடியாது. வேலை முடிந்ததும் கழற்றி, போத்தல் கழுவும் பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்தால் போதும்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஒன்று: பம்பை நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிடுங்கள். கீழே வைத்தால், கரண்ட் போனதும் தண்ணீர் ரியூப் வழியே திரும்பி வந்து பம்புக்குள் இறங்கிவிடும்.

கையால் பிழிவதற்கு ஒரு சாக்குத்துணியும் வாளியும் போதும். அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை முதிர்ந்த கூட்டெருவைக் கட்டி, தண்ணீருக்குள் நன்றாகப் பிசைந்து, அன்றே ஊற்றிவிட வேண்டும். நுண்ணுயிர் பெருக நேரம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மிளகாய், கத்தரி அடியில் ஊற்ற அதுவே தாராளம். இலைக்கு அடிக்க வேண்டும் என்றால்தான் பம்பு தேவை என்று நினைக்கிறேன். அதிலும் நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வு முடிவுகள் ஒரேமாதிரி இல்லை.

பனங்கட்டி போடலாமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். இனிப்பு நல்ல நுண்ணுயிர்களை மட்டும் வளர்ப்பதில்லை. கூட்டெருவில் மாட்டெரு சூடேறிச் சரியாக மக்காமல் இருந்தால் ஈ-கோலை என்ற நோய்க்கிருமியையும் பெருக்கும். வல்லாரை போலப் பச்சையாகச் சம்பல் போடும் இலைகளுக்கு எந்தத் தேநீரையும் அடிக்க வேண்டாம்.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபிறகு, திரவப் பசளை யூரியாவுக்கு ஈடு என்று நம்பியவர்கள் இருக்கிறார்கள். இதில் நைதரசன் மிகக் குறைவு. கூட்டெருவை மண்ணுக்குப் போடுவதை நிறுத்தாதீர்கள்.

சரி, கரண்ட் ஒழுங்காக இருக்கும் வீடு என்றால், பின்னேரம் மாமர நிழலில் பைப் வாளியை ஓடவிடுங்கள். நம் வெக்கைக்கு 24 மணி நேரம் போதும். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் பழைய பருத்திச் சாரத்தில் வடித்து அடிக்கலாம். களைநாசினி அடித்த ராங்கியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள்.